உப்பு லொறி வருமுன்

மாங்குளத்தில் ஏ9 வீதியில், இரவில் படுத்துக்கிடந்த கட்டாக்காலி மாட்டோடு மோட்டார் சைக்கிளை மோதிக் காலை முறித்துக்கொண்ட தம்பி ஒருவன் என்னிடம் வந்தான். "மாடு ஆற்றையெண்டு தெரியாது, சேர். றோட்டுக்காரரிலை வழக்குப் போடேலாதோ?" பதில் சொல்லுமுன், லண்டனில் ஒரு சட்ட அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தபோது நான் கவனித்துவந்த பனிக்கட்டி வழக்கொன்று நினைவில் வந்தது.

1991 நவம்பர் 14, காலை ஏழு மணி கடந்த நேரம். கிழக்கு சசெக்ஸில் ஏ267 வீதியால் வேலைக்குப் போன ஒருவரின் கார், கண்ணுக்குப் புலப்படாத பனிக்கட்டியில் வழுக்கிப் பாலத்தின் சுவரில் மோதியது. அவருடைய உடல் ஏறக்குறைய முழுவதும் செயலிழந்தது. உள்ளூராட்சிச் சபையின் உப்புத் தூவும் லொறிகள் அதிகாலை ஐந்தரைக்கே புறப்பட்டிருந்தன. ஆனால் அந்த இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வீதியைப் பராமரிப்பது சபையின் கடமை என்கிறது 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். பனிக்கட்டியை அகற்றுவதும் பராமரிப்புத்தானா? ஆம் என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். 2000 ஜூனில், அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை இல்லை என்றது. வீதியைத் திருத்திவைக்கும் கடமை, அது ஊர்மக்கள் தலையில் கிடந்த காலத்திலிருந்தே சாக்குப்போக்குக்கு இடமற்ற கடமை. அத்தனை கண்டிப்பை ஓரிரவில் உறையும் பனிக்கும் நீட்டினால் எந்தச் சபையாலும் ஈடுகொடுக்க முடியாது. ஆகவே கடமை வீதியின் உடம்போடு நிற்கும், அதன்மேல் கிடப்பதைத் தொடாது. கடமை கனமாக இருந்ததாலேயே அதன் எல்லை குறுகிப்போனது. 1978இல் வேறொரு வழக்கில், மேன்முறையீட்டு நீதிபதி டெனிங் பிரபு இந்தக் கருத்தில் தனித்து நின்றவர். இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் அதுவே சட்டமாயிற்று.

2003இல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது: பனியாலோ பனிக்கட்டியாலோ பயணத்துக்கு ஆபத்து வராமல், நியாயமாக இயன்றவரை பார்த்துக்கொள்ள வேண்டும். தோற்றவருக்கு அது உதவவில்லை. முன்பே இருந்திருந்தால் வென்றிருப்பாரா? அடித்துச் சொல்ல மாட்டேன். "இயன்றதைச் செய்தோம், லொறி வழியில்தான் நின்றது" என்று சபை சொல்லியிருக்கும். கண்டிப்பான கடமை அவரைக் கைவிட்டது. இளகிய கடமையும் கைகொடுத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

மாடும் வீதியின்மேல் கிடந்ததுதான். றோட்டுக்காரரை இப்போதைக்கு விட்டுவிட்டு, தம்பியிடம் கேட்டேன்: "மாட்டிலை குறிசுட்ட அடையாளம் ஏதும் பார்த்தனியோ?"

"இருட்டு, சேர். நான் கண்ணைத் திறக்கேக்கை மாடு எழும்பிப் போட்டுது."