வாப்பாவின் மொறிஸ் மைனரும் ஒரு செப்புத் தகடும்

விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் கட்டுரை எழுதுவதாயின், பழந்தமிழ் நூலொன்றின் நயத்தை எடுத்துரைப்பான் என்று அன்பர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. அத்தகைய கட்டுரைகளை என்னினும் வல்லவர்கள் இம்மலரில் எழுதியிருப்பார்கள். நான் எழுத முற்படுவது மோட்டார் வண்டியொன்றின் எஞ்சின் தலையைக் கழற்றிப் பூட்டிய கதை. ஆசிரியர் கலாசாலை எனக்கு அளித்த பயிற்சிச் சான்றிதழில் இவ்வேலைக்குரிய தகுதி எதுவும் குறிக்கப்படவில்லை. எனினும் அவ்வண்டி நம் கல்லூரிக்கு அந்நியமானதன்று. உயர்தர வகுப்பில் நான் பயின்ற இரண்டு ஆண்டுகளும், காத்தான்குடியிலிருந்து புறப்பட்டு, கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியைக் கடந்து, என்னைக் கல்லூரி வாயிலில் இறக்கிவிட்டது அதுவே. மாரிகாலத்தில் அதனைத் தள்ளிக் கிளப்பிய வகுப்புத் தோழர் சிலர் இன்று பொறியியலாளராயும் வைத்தியராயும் விளங்குகின்றனர். இதனைப் படிக்கும்போது அவர்களுக்குத் தோள்வலி நினைவுக்கு வரக்கூடும்.

வண்டி 1959 ஆம் ஆண்டைய மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த இவ்வினக் கார் 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. 1960 முடியுமுன் பத்து இலட்சம் வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வெளிவந்துவிட்டன. இலங்கையில் வைத்தியரும் ஆசிரியரும் கிளாக்கர்மாரும் விரும்பி வாங்கிய கார் இதுவாகும். நம் நாட்டுக்கும் இதற்குமுள்ள உறவில் இன்னொரு விந்தையுண்டு. இங்கிலாந்திற் செய்யப்பட்ட இவ்வண்டிக்கு வேண்டிய உதிரிப் பாகங்களைக் காலியிலுள்ள பட்டறையொன்று 1990 களில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிற்று. வாப்பா இதனை 1970 களில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரிடம் வாங்கினார். இலக்கத் தகட்டில் ‘1 ஸ்ரீ’ என்றிருக்கும். அந்த எழுத்தைச் சிங்களத்தில் மட்டும் பொறித்தமையால் 1957, 1958 ஆம் ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த கிளர்ச்சியை மூத்த பழைய மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2022 ஆம் ஆண்டில் எரிபொருள் கிடையாது போகவே, வண்டி பல மாதம் கொட்டிலில் நின்றது. மறு ஆண்டு ஓடத் தொடங்கியபோது றேடியேற்றரில் நீர் குறைந்துகொண்டே வந்தது. கீழே ஒழுகிய அடையாளமோ இல்லை. ஏற்றத்தில் எஞ்சின் இருமிற்று. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் பால் தேநீர் நிறத்தில் ஒரு படை. மூடியில் மட்டும் அவ்வாறு படிந்தால் மாரிகால ஈரமென்று விட்டுவிடலாம். எண்ணெய் பார்க்கும் கம்பியிலும் அந்நிறம் ஏறியிருந்தது. றேடியேற்றர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்துவைத்து எஞ்சினைக் கிளப்பியபோது நீரிற் குமிழிகள் விடாது எழுந்தன. சிலிண்டர் அடுக்குக்கும் தலைக்கும் இடையேயுள்ள தகடு, அதாவது ‘ஹெட் கஸ்கெற்’, எரிந்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிந்த சாட்சி வேண்டியதில்லை.

ஊரிலுள்ள கராச் ஒன்றிற் காட்டினோம். பழைய எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு யப்பானிய எஞ்சினும் கியர்ப் பெட்டியும் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். கட்டாரிலிருக்கும் காக்கா, வண்டியை அப்படியே விற்றுவிடும்படி தொலைபேசியிற் கூறினார். 2020 முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலமாதலால் துருப்பிடித்த வண்டிக்கும் விலையிருந்தது. அவர் சொன்னதில் நியாயமில்லை என்று கூற முடியாது. வாப்பாவுக்கு எண்பதை எட்டும் வயது. விரல்களில் நடுக்கம். அவர் சாய்மனைக் கதிரையிலிருந்தபடியே, “ஓடாத வண்டியை விற்றால் இரும்பு விலைதான். ஓட வை, பிறகு விற்பதென்றால் வில்” என்றார். விற்பனைக்கு ஒப்புதல் தந்தாரா, மறுத்தாரா என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

பாடசாலை விடுமுறை தொடங்கிய மறுநாள் வேலையில் இறங்கினேன். வாப்பா சொல்லச் சொல்ல என் கைகள் செய்தன. மின்கலத்தின் இணைப்பை எடுத்தல், றேடியேற்றரிலும் எஞ்சின் பக்கத்திலுமுள்ள இரு குழாய்களையும் திறந்து நீரை முற்றாக வடித்தல், காபரேற்றரையும் புகைக்குழாய்த் தொகுதியையும் விலக்குதல் ஆகியன எவரும் செய்யக்கூடியவை. அதன்மேல்தான் ஒழுங்கு தொடங்குகிறது. வால்வுகளைத் தள்ளும் கோல்கள் எட்டு. ஒவ்வொன்றும் தான் தேய்ந்த இடத்திலேயே மீண்டும் போய் அமர வேண்டும். பழைய பரீட்சைத் தாள் மட்டையொன்றில் எட்டுத் துளையிட்டு, இலக்கமிட்டு, வரிசையாகக் குத்திவைத்தேன். தலையைப் பிடித்திருக்கும் நட்டுகள் ஒன்பது. அவற்றை ஒரே மூச்சிற் கழற்றலாகாது. கழற்றினால் வார்ப்பிரும்புத் தலை வளையும். ஒவ்வொன்றிலும் சிறிதளவாகப் பல சுற்று வந்து தளர்த்த வேண்டும்.

தலையைத் தூக்கியதும் நோய் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையே தகடு மிக ஒடுங்கிய இடத்தில், செம்பு உருகி, கரிந்து, அங்கிருந்து நீர்த்துளைவரை கறுப்புத் தடமொன்று ஓடியிருந்தது. இந்த எஞ்சினில் நடு இரண்டு சிலிண்டர்களின் புகையும் ஒரே வாயிலால் வெளியேறுவதால் வெப்பம் மிகுந்த இடமும் அதுவே. நீர்வழியிற் பார்த்தால் எங்கள் ஊர்க் கிணற்றின் உவர் வெண்கட்டியாகப் படிந்திருந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணற்றிடலில் வாழும் எங்களுக்கு மழைநீரோ வடித்த நீரோ அன்றி வேறெதுவும் றேடியேற்றருக்கு ஆகாது.

பழைய தகடுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அக்காலத்துச் செப்புத் தகடுகளின் உள்ளீடு கல்நார். அதன் தூள் சுவாசப்பைக்கு நஞ்சு. உலர்ந்தபடி சுரண்டுவதும் காற்றடித்து ஊதுவதும் கூடா. நனைத்து, துணியால் துடைத்து, துணியையும் பொதிந்து அகற்ற வேண்டும். எங்கள் மூத்த தொழிலாளர் பலர் இதனை அறியாமலே காலங் கழித்தார்கள்.

புதிய தகடு கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து வரவேண்டியிருந்தது. அதனினும் பெரிய கேள்வி, தலை வளைந்திருக்கிறதா என்பது. வளைந்த தலையின்கீழ் எத்தனை புதுத் தகடு வைத்தாலும் மாதத்துக்கொன்று எரியும். “அதைப் பார்க்கத் தெரிந்தவன் ஒருவன்தான்” என்று வாப்பா சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

என் சிறு வயதில் எங்கள் பிரதான வீதியிற் கராச் வைத்திருந்த ஆரையம்பதித் தமிழர் அவர். வாப்பாவும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைப்பர்; எனக்கு அவர் மாமா. நோன்புப் பெருநாளன்று அவர் வீட்டுக்குச் சகன் போகும். தைப்பொங்கலன்று அங்கிருந்து பானையோடு பொங்கல் வரும். 1990 ஆகஸ்ட் 3 ஆம் நாள் இரவு எங்கள் ஊரின் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் அவ்வாண்டு இழப்பு நேராத வீதி அரிது. அதற்கு முன்னமே மாமா கராச்சைப் பூட்டிச் சென்றிருந்தார். பின்னர் அவர் திரும்பவில்லை. பாதை திறந்து, போரும் 2009 இல் முடிந்தது. சந்தையிலோ கச்சேரியிலோ கண்டால் இருவரும் நின்று சுகம் விசாரிப்பார்கள். வீட்டுக்கு வீடு போக்குவரத்து மட்டும் நின்றே போயிற்று. இடையிலுள்ள தூரம் ஒரு கட்டைகூட இராது.

தலையைச் சாக்கிற் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மாமா திண்ணையில் இருந்தார். என்னை அடையாளங் காணுமுன் சாக்குக்குள் இருந்ததை அடையாளங் கண்டார். “மருமகன், இது வாப்பாட மைனர்ர தலையல்லவா?” என்று கேட்டு, எழுந்து, விரலால் ஓர் ஓரத்தைத் தடவினார். அவ்வோரத்தில் உளியால் இட்ட சிறு குறியொன்று இருந்தது. 1984 இல் வால்வு தேய்த்தபோது தாமே இட்டதாம். உருக்கு அளவுகோலைக் குத்தாக நிறுத்தி, நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் இடைவெளித் தகட்டைச் செருகிப் பார்த்தார். அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்குத் தகடு ஓரிடத்தில் நுழைந்தது. மூன்று பங்குத் தகடு எங்கும் நுழையவில்லை. “அரைக்கத் தேவையில்லை. இரும்பு நல்ல இரும்பு” என்றார். பின் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம். புறப்படும்போது இறுக்கம் அளக்கும் சாவியைத் தந்து, “வாப்பாவைக் கையால் இறுக்க விடாதே. பழைய கணக்கு இப்ப சரிவராது” என்றார்.

தகடு வரும்வரை கியர்ப் பெட்டியைக் கவனித்தேன். 2011 சனவரி வெள்ளத்தில் வண்டி அச்சளவு நீரில் நின்றதன்பின் மாற்றிய எண்ணெய் அதுவரை அதிற் கிடந்தது. நிரப்பும் துளையின் மறையைத் திறந்து பார்த்துவிட்டே வடிக்கும் மறையைத் திறக்க வேண்டும் என்பது வாப்பாவின் கட்டளை. மேலே திறக்க முடியாதிருந்தால், வடித்தபின் வண்டி முடமாய் நிற்கும். வடிந்த எண்ணெயை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தேன். பொன்துகள் போன்ற நுண்பொடி சிறிதிருந்தது. அது வெண்கல வளையங்களின் தேய்வு; அறுபது ஆண்டு ஓடிய பெட்டிக்கு அது நோயன்று. செதில் செதிலாக உருக்கு வந்திருப்பின் பல் உடைந்திருக்கும். கடையில் தொண்ணூறாம் இலக்கக் கியர் எண்ணெயைத்தான் தருவேன் என்று நின்றார்கள். மைனரின் கைந்நூலோ கியர்ப் பெட்டிக்கு எஞ்சினுக்குரிய முப்பதாம் இலக்க எண்ணெயையே விதிக்கிறது. தொண்ணூறு தடித்தது, கியர் மாறுகையில் வளையங்கள் விரைந்து பற்றா. அத்தகைய எண்ணெய்கள் சிலவற்றிற் கலந்துள்ள கந்தகச் சேர்க்கை வெண்கலத்தை அரிக்கவும் கூடும். பின் அச்சுப் பெட்டிக்குத்தான் தொண்ணூறு. ஒரே வண்டியில் இரு பெட்டிக்கு இரு விதி. இலக்கணம் கற்பிப்பவனுக்கு இதில் வியப்பில்லை.

முதலாம் கியருக்கு அவ்வெண்கல வளையமே கிடையாது. வண்டி முற்றாக நின்றாலன்றி அதனைப் போடலாகாது. காத்தான்குடிப் பிரதான வீதியில், பேரீச்ச மரங்களுக்கு இருபுறமும் ஆட்டோக்கள் பாயும் மாலை வேளையில், இவ்விதியைக் காப்பது பெருந்தவம்.

செம்பில்லாத புதுமுறைத் தகடு வந்தது. அதில் எப்புறம் மேல், எப்புறம் முன் என்று பொறித்திருந்தார்கள். மாறி வைத்தால் நீர்வழிகள் அடைபடும். இரு முகங்களையும் எண்ணெய்ப் பசையறத் துடைத்து, தலையை இறக்கி, நடு நட்டிலிருந்து தொடங்கி, வெளிப்புறமாகச் சுற்றிச் சுற்றிச் சென்று, முதலில் இருபது, பின் முப்பது, முடிவில் நாற்பது இறாத்தல்-அடி என மூன்று தவணையில் இறுக்கினேன். வாப்பா தம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ‘கிளிக்’ ஒலியையும் எண்ணினார். வால்வு இடைவெளி ஆயிரத்திற் பன்னிரண்டு. அதற்கொரு அழகிய கணக்குண்டு: எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் முதலாவதைத் திருத்த வேண்டும், ஏழு திறந்திருக்கையில் இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

அஸர்த் தொழுகை முடிந்து வந்தபின் கிளப்பினோம். மூன்றாம் முயற்சியிற் பற்றிக்கொண்டது. நீரிற் குமிழி இல்லை. உம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். எண்ணெயிற் கலந்த நீர் போகும்பொருட்டு, சிறிது தூரம் ஓடியதும் எஞ்சின் எண்ணெயை மாற்றி, சில நாளில் மீண்டும் ஒருமுறை மாற்றினேன்.

ஐந்நூறு மைல் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியையும் மீண்டும் பார்க்க வேண்டும். அதனை என் வீட்டு முற்றத்திலேயே செய்திருக்கலாம். சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் ஆரையம்பதிக்கு ஓட்டிச் சென்றேன். வாப்பா தாமும் வருவதாகச் சொல்லி முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். மாமாவின் முற்றத்தில் வண்டி நின்றதும் மாமா வண்டியின் மூடியைத்தான் முதலில் திறந்தார். வாப்பா இறங்கித் தடியூன்றி அவர் பக்கத்திற் போய் நின்றார். எஞ்சின் ஓட, இருவரும் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள். “நாலாவது கொஞ்சம் கதைக்குது, மச்சான்” என்றார் மாமா. “அது 1984 லேயே கதைச்சதுதான்” என்றார் வாப்பா.

இறக்குமதித் தடை 2025 இல் நீங்கிற்று. பழைய வண்டிகளுக்குத் தரகர் வருவதும் குறைந்துபோயிற்று. காக்கா இப்போது விற்பனைப் பேச்சை எடுப்பதில்லை. வாப்பாவுக்கும் மாமாவுக்கும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிற் கிளினிக் ஒரே நாளில் அமைந்துவிட்டதால், மாதத்தில் ஒரு புதன்கிழமை, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடக்கிறேன். கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து ஒரு குரல் குறைசொல்லும். இரண்டாம் கியரில் இப்போது மெல்லிய முனகல் ஒன்று கேட்கிறது. அடுத்த விடுமுறைக்குப் பெட்டியை இறக்க வேண்டுமென்று மாமா நாள் குறித்திருக்கிறார்.