மூன்று ஊர்ச் சம்பளம்

நியூ ஜெர்சியில் வசித்து நியூயார்க்கில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், ஆண்டுதோறும் இரண்டு மாநிலங்களுக்கும் தனித்தனியே வருமான வரிக் கணக்கு எழுதுகிறான். வேலை செய்த மாநிலத்தில் கட்டியதை வசிக்கும் மாநிலத்தில் கழித்துக்கொள்ளலாமாம். அவன் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம், நம் நாட்டில் வருமான வரி ஒன்றிய அரசினுடையது, எத்தனை மாநிலம் மாறினாலும் கணக்கு ஒன்றுதான் என்று நான் பெருமை பேசியிருக்கிறேன். (வேளாண் வருமானம் மட்டும் மாநிலங்களின் பாடு.) அந்தப் பெருமைக்கு 2022 ஜூலையில் விலை கொடுத்தேன்.

அந்த நிதியாண்டில் ஆகஸ்ட் வரை பெங்களூரு, டிசம்பர் வரை மும்பை. 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு சோமனூர், பல்லடம் பகுதிகளில் விசைத்தறிகள் நின்றபோது, அப்பாவுக்குத் துணையாக ஊர் திரும்பி, கோவையில் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தேன். எங்கள் தறிகள் கூலிக்கு ஓடுபவை. பாவும் ஊடை நூலும் தருபவர் வேறு. நெய்து கொடுத்துக் கூலி வாங்குவது மட்டுமே எங்கள் பிழைப்பு. பிறந்தது முதல் தறிச் சத்தத்தில் உறங்கிப் பழகியவனுக்கு, அது நின்ற இரவுகளில் உறக்கம் வரவில்லை.

பெங்களூரில் மாதாமாதம் பிடித்த வரியை, விலகும்போது திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து மாதச் சம்பளம் இரண்டரை லட்சம். வரி வரம்புக்குள் அடங்கியது. மும்பையில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், கோவையில் ஒரு லட்சத்து இருபதாயிரம். அங்கும் வரி இல்லை. மூவரும் என்னைத் தத்தம் சம்பளத்தை மட்டும் வாங்குபவனாகவே பார்த்தார்கள். சேர்ந்த இடத்தில் பழைய சம்பளத்தை 12பி படிவத்தில் தெரிவிக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. கூட்டினால் ஆறு லட்சத்துப் பத்தாயிரம். வட்டியோடு இருபத்தேழாயிரத்தை ஒட்டி வந்தது.

"மார்ச் 31க்குள்ள ஒரு அறுபதாயிரம் சேமிப்புல போட்டிருந்தீங்கன்னா வரியே வந்திருக்காதுங்க" என்றார் ஆடிட்டர். கழிவுகள் போக ஐந்து லட்சத்துக்குள் வந்தால் அன்று முழுத் தள்ளுபடி.

கழிக்கக் கிடைத்தவற்றில் தொழில் வரியும் ஒன்று. இதுதான் மாநிலங்களின் பங்கு. கர்நாடகத்தில் மாதம் 200 ரூபாய், மகாராஷ்டிரத்திலும் 200. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புக்கு அரையாண்டுக்கு ஒருமுறை. அரசியல் சாசனத்தின் 276ஆம் பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது, ஆனால் அது ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி. நான் எங்கெங்கே இருந்தேன் என்பதற்கு அந்தக் கணக்கில் மிஞ்சிய தடயம் இந்தச் சில்லறைத் தொகைகள்தாம். இன்றைய புதிய வரி முறையில் இவற்றைக் கழிக்க இடமில்லை. என் போன்ற சம்பளக்காரனுக்கு வரியும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பா சம்பளச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, மூணு பேருமே வரி இல்லீன்னுதானே சொன்னாங்க?"

விளக்கினேன். கேட்டுக்கொண்டார். தறி ஒன்றுக்குப் புது மோட்டார் வாங்க நான் எடுத்துவைத்திருந்த பணம் அது. அவருக்கும் தெரியும். மறுநாள் காலை பழைய மோட்டாரைக் கழற்றி, சாக்கில் சுற்றி வண்டியில் கட்டி, காயில் கட்டக் கருமத்தம்பட்டிக்குக் கிளம்பினார். நான் வருகிறேன் என்றதற்கு, "நீ ஆபீசுக்குப் போ சாமி, இங்கயாவது நெலையா இரு" என்றார்.