ஏலக்காய் மணக்கும் போடி மலை... முதுவர் முதல் விஞ்ஞானிகள் வரை உரிமை கொண்டாடும் பாறை!

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்கள் கிளம்பிவிடுகின்றன. தூக்குவாளியோடு ஏறும் பெண்கள், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலக்காய், செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில்தான் காய்க்கும். அதனால் நாள் முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும். மர நிழல் இல்லாவிட்டால் செடி வாடிவிடும். காடு இருந்தால்தான் ஏலம். ஏலம் இருந்தால்தான் போடி!

இந்தத் தோட்டங்கள் வருவதற்கு முன்பே மலையில் வாழ்ந்தவர்கள் முதுவரும் பளியரும். மதுரையை விட்டு வெளியேறியபோது குழந்தைகளை முதுகில் சுமந்து மலையேறியதால்தான் 'முதுவர்' என்ற பெயர் வந்தது என்பது அந்த மக்கள் சொல்லும் வழிவழிக் கதை. குரங்கணிக்கு மேலே இருக்கும் முதுவாக்குடி இன்றும் அவர்களின் ஊர்தான்.

விஞ்ஞானிகளை இங்கே இழுத்துவந்தது பாறை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான இதன் பெயர், சார்னோகைட். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைதான். அவர் பெயரைத்தான் பாறைக்கும் வைத்தார்கள்.

விண்ணிலிருந்து வரும் நியூட்ரினோ துகள்கள், நொடிக்குக் கோடிக்கணக்கில் நம் உடலைத் துளைத்துச் செல்கின்றன. மற்ற துகள்களின் தொந்தரவு இல்லாமல் அவற்றை ஆராய, தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறைக் கூரை வேண்டும். 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில் நியூட்ரினோவைப் பதிவு செய்த நாடு இந்தியா. அதன் தொடர்ச்சியாக, பொட்டிப்புரம் அருகே மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்புக் கருவியோடு ஆய்வகம் அமைக்க 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

சுற்றுவட்டார மக்களோ அஞ்சினார்கள். சுரங்கத்துக்கு வெடி வைத்தால் நீரோட்டம் என்ன ஆகும், ஆடு மாடு எங்கே மேயும் என்று கேட்டார்கள். கதிர்வீச்சு ஆபத்து இல்லை என்று விளக்கினார்கள் விஞ்ஞானிகள். நீருக்கும் மேய்ச்சலுக்கும் அந்தப் பதில் போதவில்லை. 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் மத்திய அரசு சிறப்புத் திட்டமாகக் கருதி மீண்டும் அனுமதி தந்தது. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறுக்கும் இடையே புலிகள் நடமாடும் வழித்தடம் இது என்று சொல்லி, 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது தமிழக அரசு.

முதுவருக்கு இது வீடு. ஜீப்பில் போகும் பெண்களுக்குக் கூலி. கீழே இருக்கும் ஊர்களுக்குத் தண்ணீர். விஞ்ஞானிக்கோ பிரபஞ்சத்தைப் பார்க்க ஒரு ஜன்னல். கேட்பது எல்லாமே நியாயம்தான். ஆனால், ஜன்னலுக்கு வேறொரு மலையைத் தேடலாம். வீட்டையும் தண்ணீரையும் எங்கே போய்த் தேடுவது?