'வா' என்னும் சொல்



கடந்த ஆண்டிறுதி விடுமுறையை நான் இங்கிலாந்தில் ஒரு படகில் கழித்தேன். உல்லாசப் பயணப் படகு என்று எண்ணிவிட வேண்டா. நார்த்தாம்ப்டன் நகரில் தாதியாகப் பணிபுரியும் என் தம்பி மகள் குடியிருக்கும் வீடே ஒரு படகுதான். நகரத்து வாடகையைக் கட்டி மாளாமல், மூன்றாண்டுகளுக்கு முன்பு பழைய படகொன்றை வாங்கி அதிலேயே குடியேறிவிட்டாள். அந்தப் படகுக்குப் புதிதாக வந்து சேர்ந்த ஒரு நாயைப் பற்றியும், அந்த நாயிடம் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் இன்று எழுத விழைகிறேன். படித்து முடித்தபின், ஓர் ஆசிரியை ஏன் நாய்க்கதை சொன்னாள் என்பது விளங்கும் என நம்புகிறேன்.

முதலில் படகைப் பற்றிச் சில சொற்கள். நீளம் 57 அடி. அகலமோ 7 அடிக்கும் சற்றுக் குறைவு. அந்நாட்டின் பழைய கால்வாய்கள் பலவற்றில், படகை மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்துக்கு இறக்கவும் கட்டப்பட்ட 'லாக்' என்னும் கதவடைப்புகள் ஏறத்தாழ 7 அடி அகலமே உடையவை. ஆகவே படகும் அதற்குள் அடங்கியாக வேண்டும். உள்ளே சமையலறை, படுக்கை, குளியலறை என அனைத்தும் தொடர்வண்டிப் பெட்டியைப் போல ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். இலண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கும் 137 மைல் நீளமுள்ள கிராண்ட் யூனியன் கால்வாயில், ஸ்டோக் புரூயர்ன் என்னும் சிற்றூருக்கு அருகே படகு கட்டப்பட்டிருந்தது. நிலையான கட்டுத்துறை இல்லாத படகு ஒரே இடத்தில் 14 நாள்களுக்கு மேல் தொடர்ந்து தங்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். எனவே, இரு வாரத்திற்கொரு முறை வீடே இடம் பெயர்ந்தாக வேண்டும்.

நான் போய்ச் சேர்வதற்கு ஐந்து நாள்களுக்கு முன்புதான் நிலா வந்திருந்தாள். நிலா என்பது என் மருமகள் சூட்டிய பெயர். சாம்பல் நிறத்தில், நீண்ட கால்களும் ஒட்டிய வயிறுமாக இருந்த கிரேஹவுண்ட் வகைப் பெண் நாய். நான்கு வயது. பந்தயத்தில் ஓடிக் களைத்து, ஓட்டம் குறைந்தபின் நாய்கள் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தவள். காதின் உட்புறத்தில் பச்சை குத்திய அடையாள எழுத்துகள் இருந்தன. பந்தய நாய்கள் பெரும்பாலும் கொட்டடியிலேயே வளர்பவை. மாடிப்படி, கண்ணாடிக் கதவு, பளபளக்கும் தரை, சலவை இயந்திரத்தின் ஓசை எதுவும் அவற்றுக்குப் பழக்கமில்லை. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த முதல் வீடோ, அசைந்துகொண்டே இருக்கும் வீடு!

நான் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவள். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் அப்பாவுக்குத் துணையாக ஒரு கறுப்பு நாய் ஓடும். அதற்குரிய இடம் வாசல்தான். ஒருநாளும் வீட்டுக்குள் வந்ததில்லை. நாயைப் பழக்குவது என்றால் அதட்டுவது என்றே அறிந்திருந்தேன். என் மருமகளோ வேறு விதமாகச் செய்தாள்.

வழுக்காமலிருக்கப் படிகளில் ரப்பர் விரிப்பை ஒட்டியிருந்தாள். செங்குத்தான படியின்மேல் சாய்பலகை ஒன்றைப் பொருத்தியிருந்தாள். இரும்புக் கணப்படுப்பின் வெம்மை எட்டும் தொலைவில், மேலே போர்வை தொங்கவிட்ட ஒரு மூலையை நிலாவுக்கென ஒதுக்கியிருந்தாள். அம்மூலைக்குள் அவள் இருக்கும்போது யாரும் தொடக்கூடாது என்பது வீட்டின் முதல் விதி. டீசல் இயந்திரத்தை நாளுக்கு ஒரு நிமிடம் மட்டும் இயக்குவாள். அந்த ஒரு நிமிடமும் வேகவைத்த கோழி இறைச்சித் துண்டுகளைத் தருவாள். மறுநாள் இரண்டு நிமிடம். வெளியே போகும்போதெல்லாம் மிதவைச் சட்டை கட்டாயம். இவ்வகை நாய்களின் உடலில் கொழுப்பு குறைவு, நீச்சல் எளிதில் வராது, குளிரும் தாங்காது. அச்சட்டையின் முதுகில் பெட்டிக்கு இருப்பது போன்ற ஒரு கைப்பிடி தைக்கப்பட்டிருந்தது. அது எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

என்னை வியக்க வைத்தது இன்னொன்று. அவள் நிலாவிடம் தமிழில்தான் பேசினாள். வா, இரு, மெதுவா, போதும். காரணத்தைக் கேட்டேன்.

"நாள் முழுக்க ஆங்கிலந்தான் அத்தை. தமிழ் பேச இங்க எனக்கு யார் இருக்காங்க? அதோட, பந்தய மைதானத்துல இதை யாரும் தமிழ்ல அதட்டியிருக்க மாட்டாங்க. பயந்த ஞாபகம் ஒட்டாத சொல்லா இருக்கட்டும்னு நினைச்சேன்."

இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். ஒரு சொல்லைப் பற்றி இப்படி ஒருவர் கூறி நான் கேட்டதில்லை.

நான் சென்ற மூன்றாம் நாள் அவளுக்குக் காலைப் பணி. நிலாவை வெளியே அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. புறப்படுமுன் அவள் தெளிவாகவே சொன்னாள். "கரையில நின்னுக்குங்க அத்தை. வாரைத் தளர்வா விடுங்க. 'வா'ன்னு ஒரு தடவை மட்டும் சொல்லிட்டுக் காத்திருங்க. பத்து நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை."

எட்டு மணியாகியும் முழுதாக விடியவில்லை. தூறல் வேறு. ஒருமுறை அழைத்தேன். நிலா படகின் பின்தளத்தில் நின்றபடி, படகுக்கும் கரைக்கும் இடையே தெரிந்த ஒரு சாண் நீரையே உற்றுப் பார்த்தாள். நமக்கு அது ஒரு சாண். அவளுக்கு அது என்னவாகத் தெரிந்ததோ! இரண்டு நிமிடம் பொறுத்தேன். என் விரல்கள் மரத்துப்போயின. "வா... வா நிலா... வான்னா வா!" வகுப்பறைக் குரல் தானாகவே எழுந்தது. வாரைப் பிடித்து இழுத்தேன்.

அவள் பின்வாங்கினாள். ஈரத் தளத்தில் பின்னங்கால் வழுக்கியது. மறுகணம், படகுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீரில் கிடந்தாள்.

குரைக்கவில்லை, அலறவும் இல்லை. கண்களை அகல விரித்தபடி அப்படியே மிதந்தாள். சேற்றில் குப்புறப் படுத்து, மிதவைச் சட்டையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். பிடிக்க முடிந்தது, தூக்க முடியவில்லை. என் கூச்சல் கேட்டு அடுத்த படகிலிருந்து ஒரு முதியவர் ஓடி வந்தார். இருவருமாக இழுத்துக் கரையேற்றினோம். அந்தக் கைப்பிடி எதற்கு என்பது அப்போது விளங்கியது.

துண்டுகளால் துவட்டி, அடுப்பின் அருகே போர்வையால் போர்த்தினேன். உடம்பு நெடுநேரம் நடுங்கிற்று. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் நோயை நம் நாட்டில் நாமும் அறிவோம். அதற்கான தடுப்பூசி முன்பே போடப்பட்டிருந்தது ஓர் ஆறுதல். மாலையில் மருமகள் திரும்பியதும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் கடிந்துகொள்ளவில்லை. நிலாவின் கால்களையும் மூச்சையும் சோதித்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று மென்மையாக "வா" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நிலா காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு மூலைக்குள் ஒடுங்கினாள்.

மருமகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்லை அத்தை, வேற சொல் வச்சுக்கலாம்" என்றாள். மறுநாள் முதல் 'வா' அந்தப் படகில் ஒலிக்கவில்லை. 'போலாமா' என்பது புதிய சொல்லாயிற்று.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு நல்ல தமிழ்ச் சொல்லை, அதுவும் அழைக்கும் சொல்லை, ஒரு காலைப் பொழுதில் பாழாக்கியிருந்தேன். நினைவு எங்கெங்கோ சென்று, பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வகுப்பறையில் போய் நின்றது.

தோட்டத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பையன் ஒருவன், ஆண்டின் இடையில் என் வகுப்புக்கு மாற்றலாகி வந்தான். முதல் நாளே அவனை முன்னே அழைத்து, "உன்னைப் பற்றிச் சொல்" என்றேன். பேசவில்லை. நாற்பது கண்கள் அவனையே பார்த்தன. "சொல்... வாயைத் திறந்து சொல்" என்று குரலை உயர்த்தினேன். யாரோ சிரித்தார்கள். அவன் கால்சட்டை நனைந்தது. அவனைக் கழிவறைக்கு அனுப்பிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த ஆண்டு முழுவதும் அவன் என் தமிழ் வகுப்பில் வாய் திறந்து ஒரு வரிகூடப் படிக்கவில்லை. 'பிடிவாதக்காரன்' என்று ஆசிரியர் அறையில் நானே சொல்லியிருக்கிறேன். கணித ஆசிரியரிடம் அவன் நன்றாகப் பேசுவான் என்று பின்னர் அறிந்தபோதும், குறை என்னிடம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவனுக்கு நான் வேறு சொல் தேடவில்லை.

மறுநாளிலிருந்து, மருமகள் பணிக்குச் சென்றபின், நான் நிலாவின் மூலைக்கு எதிரே தரையில் அமர்ந்தேன். அவளுக்கு முதுகைக் காட்டியபடி. "அதைப் பார்க்காதீங்க அத்தை. அது இருக்கிறதையே மறந்துட்டு உங்க வேலையைச் செய்யுங்க" என்பதே எனக்கு இடப்பட்ட கட்டளை. புத்தாண்டுக்கான பாடக்குறிப்புகளை எழுதினேன். மாணவர்க்கென எடுத்துச் சென்ற கதைப் புத்தகங்களை உரக்கப் படித்தேன். குழந்தைகள் நாய்களுக்குப் புத்தகம் படித்துக் காட்டும் திட்டமொன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1999இல் தொடங்கியது. பிழை திருத்தாத, சிரிக்காத ஒரு செவி கிடைத்தால், படிக்கத் தயங்கும் குழந்தையும் படிக்கும் என்பதே அதன் அடிப்படை. நானோ அதற்கு நேர்மாறான நிலையில் இருந்தேன். என் குரலில் அச்சப்பட ஒன்றுமில்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவள் நான்.

நான்காம் நாள் மூலையிலிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்தது. ஆறாம் நாள் எழுந்து வந்து, நான் படித்த புத்தகத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பினாள். அந்தக் குறுகிய நடைவழியில் அவளால் எளிதில் திரும்ப இயலாது. பின்னோக்கி நடக்கக் கற்றிருந்தாள். அதைப் பார்த்து நான் சிரித்தேன். அவள் ஓடி ஒளியவில்லை.

நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, படகை நகர்த்தும் தவணை வந்தது. வடக்கே போக வேண்டும். வழியில் பிளிஸ்வொர்த் சுரங்கம். 1805இல் திறக்கப்பட்டது, நீளம் 3,076 கெஜம், அதாவது ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர். கால்வாயில் மணிக்கு 4 மைலுக்கு மேல் செல்லலாகாது என்பதால், கடக்க ஏறத்தாழ அரை மணி நேரமாகும். மருமகள் பின்தளத்தில் சுக்கானைப் பிடித்து நின்றாள். நானும் நிலாவும் உள்ளே இருந்தோம். விளக்குகளை ஏற்றித் திரைகளை மூடிவிட்டு, வழக்கமான இடத்தில் அமர்ந்து வழக்கமான கதையைப் படிக்கத் தொடங்கினேன்.

சுரங்கத்துக்குள் இயந்திரத்தின் ஓசை பல மடங்காக எதிரொலித்தது. காற்றுப் போக்கிகளின் வழியே வழிந்த நீர் கூரையின்மேல் மழைபோல் கொட்டியது. நிலா எழுந்தாள், நடுங்கினாள், இங்குமங்கும் பார்த்தாள். அழைக்க வேண்டும்போல் நாக்கு துடித்தது. அழைக்கவில்லை. என் குரலும் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் படித்துக்கொண்டே இருந்தேன். எத்தனையாவது பக்கம் என்று நினைவில்லை. என் முழங்காலின்மேல் ஒரு பாரம் இறங்கியது. அவள் தலை. வெளிச்சம் வரும்வரை அது அங்கேயே இருந்தது.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! நாயையும் குழந்தையையும் ஒப்பிட்டேன் என்று யாரும் மனம் வருந்த வேண்டா. நான் ஒப்பிடுவது என்னை என்னோடுதான்: கரையில் நின்று வாரை இழுத்தவளையும், தரையில் அமர்ந்து காத்திருந்தவளையும். முதலாமவளுக்கு அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன், நேரமில்லை, அவ்வளவே. ஆனால், மறுமுனையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்போலும்.

மருமகள் அண்மையில் தொலைபேசியில் பேசினாள். 'போலாமா' என்றதும் நிலா தானாகவே கரைக்குத் தாண்டி வருகிறாளாம். 'வா' என்னும் சொல்லை இன்னும் எடுக்கவில்லையாம். "கொஞ்ச நாள் போகட்டும் அத்தை" என்றாள்.

பள்ளி தொடங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. இவ்வாண்டு எனக்கு முதலாம் ஆண்டு வகுப்பு. கடைசி வரிசையில் ஒரு சிறுமி. இதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுடைய தாயார் கவலையோடு, "டீச்சர், நல்லா அதட்டிக் கேளுங்க, பேசுவா" என்றார். அந்தப் பையனின் கதையை அவரிடம் சொன்னேன். அவர் கண் கலங்கினார், எனக்கும்தான்.

நாள்தோறும் கதை நேரத்தில், அவள் மேசைக்கு அருகே ஒரு சிறு நாற்காலியைப் போட்டு, அவளைப் பாராமல் அமர்ந்து படிக்கிறேன். நேற்று, நான் பக்கத்தைப் புரட்டுமுன் ஒரு சிறு விரல் வந்து பக்கத்தின் முனையைப் பிடித்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் புரட்டும்வரை காத்திருந்தேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை