அறை நேற்றே போய்விட்டதாம்

போன மாதம் எங்கள் பழைய மாணவி ஒருத்திக்கு இரத்தினபுரி டவுனில் வேலை கிடைத்தது. தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர முடியாது, போடிங் தேட வேண்டும். ஸ்டாஃப் ரூமில் இருந்தே ஒரு விளம்பரத்துக்குக் கோல் எடுத்தாள். நல்ல சிங்களம் பேசுவாள். வாடகை, முற்பணம் எல்லாம் பேசிய பிறகு ஊரைக் கேட்டார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். "அறை நேற்றே போய்விட்டது மகள்" என்றார்கள்.

பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நம்பரைத் தேடினாள். எங்களுக்குத்தான் மனம் கேட்கவில்லை. எங்களோடு படிப்பிக்கும் சிங்கள டீச்சரை அரை மணி நேரத்தில் அதே நம்பருக்குப் பேசச் சொன்னோம். அதே வேலை, அதே தனி ஆள், ஊர் மட்டும் பலாங்கொடை. "இன்றைக்கே வந்து பாருங்கள்" என்றார்கள்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு வீடு தேடிய எங்களுக்கு இந்த "நேற்றே போய்விட்டது" புதிதல்ல. அப்போது கோபப்பட்டதோடு சரி, இப்படிச் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் இதை ஒரு முறையாகவே செய்கிறார்கள். கறுப்பர் ஒருவரும் வெள்ளையர் ஒருவரும் ஒரே வீட்டைத் தனித்தனியே கேட்பார்கள். வர்ஜீனியாவில் கறுப்பினப் பெண்ணிடம் வீடு இல்லை என்றார்கள், வெள்ளையரிடம் இருக்கிறது என்றார்கள். அவள் உண்மையில் வாடகைக்கு வரவில்லை, சோதிக்கத்தான் வந்தாள். ஆனாலும் பொய் சொல்லப்பட்டவள் என்பதால் வழக்குப் போடலாம் என்று 1982இல் ஹேவன்ஸ் ரியல்ட்டி வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் சொன்னது.

இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் போல் அட்டெவெலும் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு. 2007இல் முடிவு வெளிவந்தது. பதில் வரும் வாய்ப்பை உயர்சாதி இந்துப் பெயருக்கு 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

நாங்கள் செய்தது ஒரேயொரு கோல். குரல் வேறு, வயது வேறு. அதை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. பல முறை செய்தால்தான் சாட்சி. அதற்கும் இங்கே எங்கே போவது? அரசியலமைப்பின் 12(2) இனம், மதம், மொழி, சாதி, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றம் போவது அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான். போடிங்காரர் அதில் வரமாட்டார்.

பொய்யைப் பிடிக்க நாமும் பொய் சொல்லலாமா என்று ஒரு சேர் கேட்டார். ஸ்டாஃப் ரூமில் இன்னும் அந்தச் சண்டை ஓயவில்லை. அது ஓயும் வரை, தோட்டத்துப் பெற்றோரே, பிள்ளைக்கு இல்லை என்று சொன்ன நாள், நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எங்களிடமும் காட்டுங்கள்.

பிள்ளைக்கு இன்னும் அறை கிடைக்கவில்லை. நேற்று வந்து, "அடுத்த தடவை உங்கட வீட்டு விலாசத்தைச் சொல்லட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.