ஐந்து கட்டை

நான் வேலை செய்யும் ரெஸ்ரோறன்ட் மெல்பேர்ண் நகரின் நடுவில், நாடக அரங்குகளுக்குக் கிட்ட இருக்கிறது. காட்சிக்குப் போகிறவர்கள் மாலை ஐந்தரைக்கே வந்து, அவசரமாய்ச் சாப்பிட்டு, ஏழு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவார்கள். அதன்பிறகு அவர்கள் விட்டுப்போன கோப்பைகளும் நானும்தான். பக்கத்தில் சலாட் மேசையைத் துடைக்கிற வெள்ளைக்கார மனுசிக்கு எழுபது வயது வரும். துடைக்கும்போதெல்லாம் ஒரே பாட்டைத்தான் முணுமுணுப்பார்.

ஒருநாள் என்ன பாட்டென்று கேட்டேன். பீற்றில்ஸின் 'ஓல் மை லவிங்' என்றார். ஆனால் அது தன் மனதில் பதிந்தது பீற்றில்ஸால் அல்ல, ரெலிவிசனால் என்றார்.

1971 ஏப்ரலிலிருந்து 1988 டிசம்பர் வரை இங்கே 'யங் ரலன்ற் ரைம்' என்றொரு நிகழ்ச்சி நடந்தது. மெல்பேர்ணின் கிழக்கே நுனவாடிங்கில் இருந்த கலையகத்தில் தயாரானது. ஜொனி யங் என்ற பாடகர் நடத்தினார். சிறுவர் குழுவொன்று வாராவாரம் ஆடிப்பாடும். முடிவில் ஜொனி யங் பிள்ளைகளோடு நின்று அந்தப் பாட்டை மெதுவாகப் பாடி விடைபெறுவார். இன்றைக்குப் பெரிய பாடகியாக இருக்கும் ரீனா அரீனா அங்கே 'குட்டி ரீனா'வாக வளர்ந்தவர். டனி மினோக்கும் அங்கிருந்து வந்தவர்தான். பதினாறு வயதளவில் குழுவை விட்டு விலகுவது பிற்காலத்தில் வழக்கமாகியது.

மனுசி துடைப்பதை நிறுத்திவிட்டு, "டெபியைத்தான் மறக்க ஏலாது" என்றார்.

டெபி பேர்ண், 1957இல் மெல்பேர்ணில் பிறந்தவர். நிகழ்ச்சி தொடங்கியபோது அவருக்கு 14 வயது. அவரைத் தெரியாத வீடு அப்போது இருக்கவில்லையாம். 1974இலும் 1975இலும் இந்த நாட்டின் 'பொப் இசை அரசி'யாகத் தெரிவானார். பிறகு இருபதுகளில் ஹெரோயின். பாட்டுப் பக்கத்தில் வந்த பெயர் வேறு பக்கங்களிலும் வரத் தொடங்கியது. நாடு முழுவதும் தன் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. எங்கள் ஊரில் தவறிப்போன பிள்ளையை எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2006இல் வெளிவந்த அவருடைய சுயசரிதையைப் பழைய புத்தகக் கடையொன்றில் தேடி வாங்கினேன். வேலை முடிந்து டண்டினோங் போகும் கடைசி ரயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். சிறுவயதுக் காயங்களையும் போதையையும் அவர் மறைக்கவில்லை. வாசிக்கும்போது அடிக்கடி புத்தகத்தை மூடிவிட்டு இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம், எனக்கும் ஒரு சின்ன மேடை இருந்தது.

2002இல், எனக்குப் பன்னிரண்டு வயதில், தமிழ்மொழித் தினப் பாட்டுப் போட்டியில் மாகாணத்தில் முதலாவதாக வந்தேன். சமாதான காலம். கோயில் திருவிழாக்களில் மீண்டும் லவுட்ஸ்பீக்கர் கட்டினார்கள். எங்கள் பக்கத்துக் கோயில்களுக்கெல்லாம் நான் 'பாட்டுக்காரப் பெடியன்'. கடைக்காரர் காசு வாங்காமல் சர்பத் தருவார். இரண்டு வருடம் அப்படிப் போனது. 2004 திருவிழாவில் ஆர்மோனியக்காரர் வழமைபோல ஐந்து கட்டையில் சுருதி பிடித்தார். மேல் ஸ்தாயிக்குப் போனபோது என் குரல் கிரீச்சென்று உடைந்தது. முன்வரிசையில் யாரோ சிரிக்க, சனம் முழுவதும் சிரித்தது. சுருதியைக் கொஞ்சம் இறக்குங்கோ என்று சொல்ல அந்த மேடையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அடுத்த வருடம் வேறொரு பெடியன் பாடினான்.

அதன்பிறகு நான் பாடவில்லை. படித்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் முடித்திருந்தபோது புறப்பட வேண்டியதாயிற்று. 2012இல் படகில் வந்திறங்கினேன். இங்கே இன்னும் 'பிறிட்ஜிங்' விசாதான். இந்த விசாவோடு பல்கலைக்கழகம் போவதென்றால் வெளிநாட்டு மாணவர்களின் கட்டணம். கோப்பை கழுவிக் கட்டுகிற காசில்லை அது.

போன வருடம் கோப்பைத் தட்டோடு வெளியே வந்தபோது, மேசையிலிருந்த தமிழர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீர் எங்கடை கோயிலிலை பாடின பெடியன் எல்லே?"

"இல்லை அண்ணை. ஆளை மாறிப்போட்டீங்கள்."

அன்றிரவு நித்திரை வரவில்லை. நான் வெட்கப்பட்டது கோப்பைகளுக்காகவா, அந்தப் பெடியனுக்காகவா என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

டெபியின் கதை என்னைப் பிடித்து வைத்திருந்தது இதனால்தான். அவர் திரும்பி மேடைக்கு வந்தபோது கிடைத்த வேடங்களைப் பாருங்கள். 1985இல் சிட்னி தியேட்டர் றோயலில் 'கற்ஸ்': ஒருகாலத்தில் அழகியாயிருந்து இப்போது மற்றப் பூனைகளும் அண்டாத கிறிசபெல்லா. 1987இல் அதே அரங்கில் 'லே மிசராப்': எல்லாவற்றையும் விற்றுத் தன்னையும் விற்கும் ஃபான்ரீன். 1996இல் மெல்பேர்ணில் 'சன்செற் புலிவாட்': பேசாப் படக் காலத்து நட்சத்திரம் நோமா டெஸ்மண்ட், சனம் தன்னை மறந்ததை நம்ப மறுப்பவள். கூட நடித்தவர் ஹியூ ஜாக்மன். அப்போது உலகம் அவரை அறிந்திருக்கவில்லை. நடந்த இடம் கொலின்ஸ் வீதி ரீஜன்ற் தியேட்டர். 1970இல் மூடப்பட்டு, 26 வருடம் கிடந்து, அந்த வருடம்தான் திறந்த அரங்கு. டெபிக்கு 39 வயது. பெயரும் டெப்ரா என்று வளர்ந்திருந்தது.

மனுசி அந்த நாடகத்தைப் பார்த்தவர். "நாங்கள் டெபியைப் பார்க்கப் போனோம். பத்து நிமிடத்தில் டெபியை மறந்துவிட்டோம்" என்றார்.

பதினான்கு வயதுக் குரலுக்குள் அந்தப் பாட்டுகள் அடங்காது. முப்பத்தொன்பது வயதுக் குரலுக்கேற்ற பாட்டு அவருக்குக் கிடைத்தது. அதைப் பாடும் வேலையையும் அவர் பழகியிருந்தார். இதை வெற்றிக் கதையாக்க எனக்கு விருப்பமில்லை. இடையில் போன வருடங்களை எந்தக் கைதட்டலும் திருப்பித் தராது. ஆனால் பழைய சுருதியிலேயே நின்று பாடு என்று கேட்டவர்களுக்கு அவர் பாடவில்லை. அதுதான் எனக்குப் போதுமாயிருந்தது.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது அத்தான். அக்காவின் மகளுக்குப் பத்து வயது, நன்றாகப் பாடுவாள். 2015இல் விஜய் ரீவியின் 'சுப்பர் சிங்கர் ஜூனிய'ரில் கனடாப் பிள்ளை ஜெசிக்கா இரண்டாவதாக வந்ததும், பரிசான ஒரு கிலோ தங்கம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கென்று அறிவிக்கப்பட்டதும் உங்களுக்கும் நினைவிருக்கும். அன்று எங்கள் வீட்டிலும் கண் கலங்காதவர் இல்லை. அத்தானுக்கு அந்த நினைவு போகவில்லை.

"பள்ளிக்கூட லீவிலை சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறன். நீயும் சின்னனிலை பாடினனிதானே, என்ன சொல்லுறாய்?"

"கூட்டிக்கொண்டு போங்கோ அத்தான். ஆனா தோத்துத் திரும்பி வந்தா, அடுத்த நாளும் பாடச் சொல்லிக் கேப்பீங்களோ?"

அத்தான் பதில் சொல்லவில்லை. கோபமோ தெரியாது. பிள்ளைதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்கள் பாடுவீங்களோ? ஏன் விட்டனீங்கள்?"

திருவிழாக் கதையைச் சொன்னேன். முதன்முறையாக ஒருவருக்குச் சொன்னேன். குரல் உடைந்த இடத்தை நடித்துக் காட்ட, விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நோகவில்லை. பிறகு தன் சுருதிப்பெட்டியை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். அது ஐந்து கட்டையில் நின்றது.

"இது எனக்குரியது. உங்களுக்கு ஏலாது மாமா, பொறுங்கோ."

திருகியைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். நாலு, மூன்று, இரண்டு... ஒரு கட்டைக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப பாடுங்கோ."