பூகம்பத்துக்கு நாள் குறிக்க முடியுமா?

ஹிமாலய அடிவாரத்தில் பெண்ணைக் கொடுக்கப் போகிற தாய்மார்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. தூத்துக்குடியில் எங்கள் அடுத்த வீட்டு அக்காவும் கேட்டார். மாப்பிள்ளைக்கு டேராடூனில் உத்தியோகம்; அங்கேயே வீடும் கட்டப் போகிறாராம். "ஏட்டி, நீ பத்திரிகையிலதான இருக்கே? அங்க பூகம்பம் எப்ப வரும்னு கேட்டுச் சொல்லேன்!"

நாள் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது, வாசகிகளே. ஜோசியர் சொன்னாலும் நம்பாதீர்கள். நிபுணர் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் எங்கே, எவ்வளவு பலமாக வரக்கூடும் என்று மதிப்பிட வழி உண்டு. முத்துக்குளிப்பு நடந்த ஊர்க்காரர்களுக்கு அது சுலபமாகப் புரியும். 1961-ல் கடைசிக் குளிப்பு நடந்த காலம் வரை, அதிகாரிகள் எடுத்த எடுப்பில் குளிப்பை அறிவித்துவிட மாட்டார்கள். முதலில் பாரில் ஆளை இறக்கி மாதிரிச் சிப்பிகள் எடுப்பார்கள், வயது பார்ப்பார்கள், முத்தைப் பிரித்து விலை மதிப்பார்கள். பிறகுதான் மற்றதெல்லாம்.

மலையிலும் ஏறக்குறைய அதே வேலைதான். பூமி பிளந்த கோட்டின் குறுக்கே பள்ளம் வெட்டி, மண் அடுக்குகள் முறிந்து விலகிய இடத்தைப் பார்க்கிறார்கள். அதில் கிடைக்கும் கரித்துண்டின் வயதைக் கணித்தால், எழுதி வைக்காத காலத்துப் பூகம்பமும் அகப்பட்டுவிடும்! இந்தியா வடக்கே ஆசியாவை முட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த நகர்வில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் ஹிமாலயத்தில் சிக்கி இறுகுகிறது. இறுக்கம் தாளாமல் பாறை நழுவியதுதான் 1905-ல் காங்ராவிலும், 1934-ல் பீகார்-நேபாளத்திலும், 2015-ல் மறுபடி நேபாளத்திலும் கண்ட விபரீதம். 2002-ல் வெளியான தேசப்படத்தில் தூத்துக்குடி இரண்டாம் மண்டலம், டேராடூன் நான்காவது.

இதைச் சொன்னதும் அக்காவின் முகம் வாடிவிட்டது. "அப்ப சம்பந்தம் வேண்டாங்கியா?"

சம்பந்தத்தில் என்ன குற்றம்? 1991 அக்டோபர் 20 அன்று உத்தரகாசியில் விடியுமுன் பூமி ஆடியபோது, மண் சாந்தில் கல்லடுக்கிய வீடுகள் தூங்கினவர்கள் மேலேயே சரிந்தன. கல்லும் தேவதாரு மரமும் மாறி மாறிக் கோத்துக் கட்டிய பழங்காலத்து வீடுகளோ நின்றன. மலைக்காரர்களின் பாட்டன்மார் கெட்டிக்காரர்கள்தான்!

ஆகையால் நகை நட்டுப் பேசும்போதே வீட்டு பிளானையும் கேளுங்கள். அஸ்திவாரத்தின் கீழே மண் எப்படி? தூணும் உத்தரமும் கூடுமிடத்தில் கம்பி வளையங்கள் நெருக்கமாக இருக்கின்றனவா? கீழ்த்தளம் முழுவதும் கார் நிறுத்தக் காலியாக விட்டிருக்கிறதா? 2001 ஜனவரி 26 அன்று கட்ச்சில் பூமி நடுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் சரிந்த மாடிக் கட்டிடங்களில் பல, அப்படி வெறும் தூண்கள்மேல் நின்றவைதான்.